டவுனுக்கு மறுபடி ஆள் வர: பார்க்கிங்கா, நடைவீதியா, கட்டணமா, வீடுகளா?

"டவுனுக்கா? வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது, யார் போவது?" ஒரு காலத்தில் வாரம் தவறாமல் நகர மையத்துக்குப் போய்வந்தவர்களே இன்று சொல்லும் பதில் இது. பெரிய நகரம், சின்ன நகரம், பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது, எங்கே கேட்டாலும் இதே பாட்டுதான். கடைக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். நகராட்சி அதை அப்படியே நம்பி பல அடுக்கு வாகன நிறுத்தம் ஒன்றைக் கட்டுகிறது. கட்டி முடித்த பிறகும் கூட்டம் வராவிட்டால் இன்னொன்று கட்டலாமா என்று யோசிக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டவுனுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால் மக்கள் சொல்லும் காரணம் வேறு, உண்மையிலேயே போகாமல் இருப்பதன் காரணம் வேறு. பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. பார்க்கிங் என்பது சட்டென்று வாயில் வரும் காரணம், யாரும் மறுக்கவும் மாட்டார்கள். அதை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுத்தால் காசுதான் வீண். அதனால் நகரங்கள் இதுவரை முயன்று பார்த்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த ஊருக்கு ஒத்துவரும் என்று பார்ப்போம்.

முதலில் என்ன மாறியது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வங்கி, அலுவலகம், அரசு அலுவலகம், நல்ல துணிக்கடை, சினிமா எல்லாம் ஒரே இடத்தில் இருந்தபோது டவுனுக்குப் போவது கட்டாயம். பிடிக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று வங்கி போனுக்குள் வந்துவிட்டது, துணி வீட்டு வாசலுக்கு வருகிறது, 2020க்குப் பிறகு அலுவலக வேலையில் ஒரு பகுதி வீட்டிலேயே தங்கிவிட்டது. கட்டாயம் போய் விருப்பம் வந்துவிட்டது. கட்டாயத்துக்குப் போகிறவர் நெரிசலைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவார். விருப்பத்துக்குப் போகிறவர் திட்ட மாட்டார், பேசாமல் வேறு எங்காவது போய்விடுவார். புகார் குறைந்துவிட்டதே என்று நகராட்சி சந்தோஷப்படும் நாளில்தான் டவுன் உண்மையில் காலியாகிக்கொண்டிருக்கும்.

இது இணையம் வந்து செய்த வேலை மட்டுமல்ல. வியன்னாவில் பிறந்து 1938இல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்த விக்டர் க்ரூயன் என்ற கட்டடக் கலைஞர், 1956இல் மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் என்ற வணிக வளாகத்தைத் திறந்தார். முழுக்கக் கூரை போட்டு, குளிர்சாதன வசதியுடன் வந்த முதல் மால் என்று அதைத்தான் சொல்வார்கள். அவருடைய ஆசை என்னவோ, புறநகரில் ஒரு டவுனை உருவாக்குவது. வளாகத்தைச் சுற்றி வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் வர வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார். கடைசியில் கடைகளும் அவற்றைச் சுற்றி ஒரு கடல் போன்ற பார்க்கிங்கும்தான் மிஞ்சின. பிற்காலத்தில் அவரே மால்களைக் கடுமையாக விமர்சித்தார்.

மாலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வண்டியை மைதானத்தின் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு வாசல் வரை நடக்கிறோம், உள்ளே போய் இரண்டு மூன்று மணி நேரம் நடக்கிறோம், திரும்பி வந்து வண்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று தேடிக்கொண்டு வேறு நடக்கிறோம். அதே ஆள் டவுனில் போக வேண்டிய கடைக்கு இருநூறு மீட்டர் தள்ளி இடம் கிடைத்தால் "பார்க்கிங்கே இல்லை" என்கிறார். ஆக, தூரம் பிரச்சினை இல்லை. அந்த இருநூறு மீட்டர் எப்படி இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. மாலில் தரை சமமாக இருக்கிறது, உரசிக்கொண்டு வண்டி போகவில்லை, உட்கார இடம் இருக்கிறது, சுத்தமான கழிப்பறை இருக்கிறது. இந்தக் கழிப்பறை விஷயத்தை எந்த நகரத் திட்டமும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் பெண்களும் வயதானவர்களும் குழந்தையோடு வருகிறவர்களும் ஓர் இடத்தில் அரை மணி நேரம் இருப்பார்களா, அரை நாள் இருப்பார்களா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பார்க்கிங்கை அதிகமாக்குவது, மலிவாக்குவது

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் இருக்கும் இரண்டு கடைவீதிப் பகுதிகளின் கதை இதற்கு நல்ல உதாரணம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பார்க்கிங்கையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்ட டொனால்ட் ஷூப் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

ஒன்று ஓல்ட் பசடேனா. பாழடைந்த கட்டடங்கள், ஆள் நடமாட்டம் இல்லாத தெருக்கள் என்று ஒரு காலத்தில் கிடந்த இடம். தெருவோரப் பார்க்கிங்குக்குக் கட்டணம் வாங்கும் மீட்டர் வைக்கலாம் என்று நகர நிர்வாகம் சொன்னபோது, வருகிற நாலு பேரும் வராமல் போய்விடுவார்கள் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். அப்புறம் நிர்வாகம் ஒரு வாக்குறுதி கொடுத்தது: மீட்டரில் வரும் வருமானம் வேறெங்கும் போகாது, இதே தெருக்களின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரத்துக்கும் துப்புரவுக்கும்தான் செலவாகும். கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1993இல் மணிக்கு ஒரு டாலர் கட்டணத்தில் மீட்டர்கள் வந்தன.

இன்னொன்று வெஸ்ட்வுட் வில்லேஜ், பல்கலைக்கழகத்தை ஒட்டியே இருப்பது. ஓல்ட் பசடேனா பாழாகக் கிடந்த நாளில் ஊரே சாயங்காலம் திரண்ட இடம் இது. கூட்டம் குறையத் தொடங்கியதும் கடைக்காரர்கள் பார்க்கிங் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னார்கள். மணிக்கு ஒரு டாலராக இருந்த கட்டணம் 1994இல் ஐம்பது சென்ட்டாகக் குறைந்தது. என்ன நடந்தது? தெருவோரம் எப்போதும் நிரம்பியே இருந்தது, நடைபாதைகள் உடைந்து கிடந்தன, கடைகள் ஒவ்வொன்றாக மூடின. ஓல்ட் பசடேனாவிலோ நடைபாதையில் ஆள் நிரம்பி வழிந்தது. வெஸ்ட்வுட் சரிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, பழியை முழுக்கப் பார்க்கிங் மேல் போட முடியாது. ஆனால் மலிவான பார்க்கிங் அதைக் காப்பாற்றவில்லை என்பதும், கட்டணம் பசடேனாவைக் கொல்லவில்லை என்பதும் உறுதி.

காரணம் எளிது. தெருவோர இடம் இலவசமாகவோ மிக மலிவாகவோ இருந்தால் காலையில் முதலில் வந்து நிறுத்துகிறவர் அங்கே வேலை பார்ப்பவர், பல நேரம் அந்தக் கடையின் முதலாளியேதான். சாயங்காலம் வரை வண்டி நகராது. பதினோரு மணிக்கு வரும் வாடிக்கையாளர் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வெறுத்துப்போய்த் திரும்புகிறார். அதனால் ஷூப் சொன்ன வழி, ஒவ்வொரு தெருத் துண்டிலும் எந்நேரமும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைப்பது. காலியாகவே கிடந்தால் குறை, நிரம்பினால் ஏற்று. அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டார்கள். 41 சதவீதம் என்றார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது வந்த விடை 22 சதவீதம். காரில் வருகிறவர் பார்க்கிங் பற்றிப் புலம்பிவிட்டுப் போகிறார், நடந்து வருகிறவர் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார். கடைக்காரர் காதில் விழுவது புலம்பல் மட்டும்தான்.

ஆக, பார்க்கிங்கை அதிகமாக்குவதற்கு என் ஓட்டு கிடையாது. கட்டணத்தைச் சரியாக வைத்து, வருமானத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அந்தத் தெருவிலேயே செலவழிப்பதற்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான இடமும் சரக்கு இறக்கும் இடமும் இந்தக் கணக்கில் வராது. அவற்றைத் தனியாக ஒதுக்கி, வேறு யாரும் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெருவை வண்டிகளுக்கு மூடுவது

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட். 1962 நவம்பரில் பரிசோதனையாக மூடினார்கள். கடைக்காரர்கள் கொதித்தார்கள், இந்தக் குளிரில் வெளியே வந்து உலாத்துவதற்கு நாம் என்ன இத்தாலிக்காரர்களா என்றுகூடப் பேச்சு வந்தது. 1964இல் அதுவே நிரந்தரமானது, இன்று அந்த நகரத்தின் முகமே அந்தத் தெருதான்.

இந்தக் கதையை மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நியாயமில்லை. அமெரிக்காவிலும் இதைச் செய்தார்கள், முதல் திட்டம் போட்டவர் மேலே சொன்ன அதே க்ரூயன்தான். மிச்சிகனில் கலமசூ நகரத்தில் 1959இல் திறந்த நடைவீதி, ஃப்ரெஸ்னோவில் 1964இல் வந்த ஃபுல்டன் மால், சிகாகோவின் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் 1979இல் பேருந்து மட்டும் போகும்படி செய்தது என்று வரிசையாக ஊர் ஊருக்கு வந்தன. பெரும்பாலானவை தோற்றன. சிகாகோ 1996இல் வண்டிகளைத் திரும்ப விட்டது, கலமசூ 1998இல் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது, ஃப்ரெஸ்னோ 2017 வரை இழுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது.

ஒரே மருந்து ஓரிடத்தில் பலித்து இன்னோரிடத்தில் ஏன் பலிக்கவில்லை? கோபன்ஹேகனில் அந்தத் தெரு குறுகலானது, நடக்கிற தூரத்திலேயே ஆயிரக்கணக்கில் வீடுகள், ரயிலிலும் சைக்கிளிலும் வந்து சேரலாம். அமெரிக்க நகரங்களிலோ மக்கள் அதற்குள் புறநகருக்குக் குடிபோயிருந்தார்கள், பெரிய கடைகள் அவர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன, அகலமான தெருவில் வண்டியை எடுத்துவிட்டால் மிஞ்சியது வெறிச்சோடிய ஒரு வெளி. ஆறு மணிக்கு அலுவலகம் மூடியதும் அங்கே நிற்கவே பயமாக இருக்கும். அங்கேயும் பிழைத்தவை உண்டு: போல்டரின் பேர்ல் ஸ்ட்ரீட், பர்லிங்டனின் சர்ச் ஸ்ட்ரீட். இரண்டும் பல்கலைக்கழக ஊர்கள், நடந்து வரும் தூரத்தில் ஆட்கள் குடியிருக்கும் ஊர்கள்.

எனவே தெருவை மூடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தத் தெருவிலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள்? நிறையப் பேர் என்றால் தைரியமாக மூடலாம். இல்லையென்றால் மூடுவதால் ஒரு பயனும் வராது, திறந்து வைத்தாலும் வராது, வேறு வேலை முதலில் இருக்கிறது.

முழுக்க மூடாமல் இன்னொரு வழியும் உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017இல் நடுப்பகுதியைச் சுற்றி ஆறு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாதபடி செய்தது. வெளிவட்டச் சாலைக்குப் போய்த்தான் மறுபடி உள்ளே வர வேண்டும். டவுனுக்கு வருகிறவர் எப்போதும்போல வரலாம், டவுனைக் குறுக்குவழியாகப் பயன்படுத்துகிறவருக்குத்தான் சிரமம். பல ஊர்களில் டவுன் நெரிசலின் கணிசமான பங்கு இந்தக் குறுக்குவழிக்காரர்கள்தான், அவர்கள் ஒரு கடையிலும் காலடி வைப்பதில்லை.

உள்ளே வரக் கட்டணம்

நகர மையத்துக்குள் வரும் வண்டிகளிடம் கட்டணம் வாங்குவது, கேட்டதுமே கோபம் வரும் யோசனை. அதனால்தான் மனநிலை எப்படி மாறுகிறது என்பதை இதில் மிகத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. இரண்டு நகரங்கள் ஒரே யோசனையை எதிரெதிர் வரிசையில் செய்துபார்த்தன.

எடின்பரோ 2005 பிப்ரவரியில் முதலில் மக்களிடம் கேட்டது. கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். கதை முடிந்தது.

ஸ்டாக்ஹோம் முதலில் செய்தது, பிறகு கேட்டது. 2005இலேயே கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். 2006 ஜனவரியில் கட்டணம் தொடங்கியது, ஜூலை இறுதியில் நிறுத்தினார்கள். அந்த ஏழு மாதத்தில் நகர மைய எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. நிறுத்தியதும் வண்டிகள் திரும்பி வந்தன. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த நிலையில், செப்டம்பரில் வாக்கெடுப்பு. நகரத்துக்குள் இருந்தவர்களில் சிறு பெரும்பான்மை வேண்டும் என்றது. சுற்றியுள்ள புறநகர்ப் பகுதிகளில் பலவற்றில் வேண்டாம் என்றே முடிவு வந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது, அதற்குப் பின் ஆதரவு ஏறிக்கொண்டே போனது. தொடக்கத்தில் பெரும்பாலோர் எதிர்த்த திட்டத்துக்குச் சில ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு. இந்தத் திட்டத்தில் பணியாற்றிய போக்குவரத்து ஆய்வாளர் யோனாஸ் எலியாசன் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்தது, மனம் மாறியவர்களில் பலர் தாங்கள் மாறியதையே உணரவில்லை என்பது. நான் எப்போதும் ஆதரவுதான் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து, மக்களிடம் கேட்கவே கூடாது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. பார்க்காத ஒன்றைப் பற்றிக் கேட்டால் பயம்தான் பதிலாக வரும், அவ்வளவுதான். ஆனால் கட்டணம் என்ற வழி, டவுன் நிரம்பி வழியும் ஊர்களுக்குத்தான். 2003இல் லண்டனும் 2025 ஜனவரியில் நியூயார்க்கும் தொடங்கியது அங்கே போக வேண்டிய அவசியம் உள்ளவர்கள் லட்சக்கணக்கில் இருந்ததால், ரயிலும் பேருந்தும் ஏற்கெனவே இருந்ததால். ஆள் வராத டவுனுக்கு நுழைவுக் கட்டணம் வைப்பது வீம்பு.

இலவசப் பேருந்து

பிரான்சின் டன்கெர்க் 2018இல் பேருந்துகளை முழுக்க இலவசமாக்கியது. பயணிகள் எண்ணிக்கை பெரிதாக ஏறியது, அதிலும் வார நாட்களைவிட வார இறுதியில் ஏற்றம் அதிகம். வேலைக்கு இல்லாமல் சும்மா டவுனுக்குப் போய்வரலாம் என்று கிளம்பியவர்கள் அதில் நிறைய என்று எடுத்துக்கொள்ளலாம். எஸ்தோனியாவின் தாலினில் 2013 முதல் ஊர்க்காரர்களுக்கு இலவசம், அங்கே புதிதாக ஏறியவர்களில் கணிசமானோர் அதற்கு முன் நடந்து போனவர்கள். காரை விட்டு இறங்கியவர்கள் குறைவு. கையில் காசு குறைவாக இருப்பவருக்கு டவுனைத் திறந்துவிடும் வழியாக இது நல்லதுதான். இருபது நிமிடத்துக்கு ஒன்று வரும் பேருந்தைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று ஆக்குவதா, இலவசமாக்குவதா என்று ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், நான் பத்து நிமிடத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் மறக்கக் கூடாது. படம் விட்டு வெளியே வரும்போது பேருந்து இல்லையென்றால், போகும்போது இலவசமாகப் போனதால் என்ன லாபம்?

டவுனிலேயே ஆட்களைக் குடிவைப்பது

மெதுவான வழி, செலவு பிடிக்கும் வழி, எனக்குப் பிடித்த வழியும் இதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் மெல்போர்ன் நகர மையத்தில் சில நூறு வீடுகள்தான் இருந்தன. மாலை ஆனால் தெருக்கள் செத்துவிடும். 1987 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின் அலுவலகக் கட்டடங்கள் காலியாகக் கிடந்தபோது, 1992இல் 'போஸ்ட்கோட் 3000' என்று நகர மையத்தின் அஞ்சல் எண்ணையே பெயராக வைத்து ஒரு திட்டம் வந்தது. பழைய அலுவலகங்களை வீடுகளாக மாற்ற உதவியும் சலுகையும் கொடுத்தார்கள். பத்தாண்டுகளில் வீடுகள் பல ஆயிரமாகின. கூடவே சந்துகளைத் திறந்தார்கள், நடைபாதையை அகலப்படுத்தினார்கள், வெளியே உட்கார்ந்து காபி குடிக்க இடம் விட்டார்கள். டென்மார்க்கின் நகர வடிவமைப்பாளர் யான் கெல் தலைமையில் 1994இலும் 2004இலும் எடுத்த கணக்கின்படி, வார நாள் பகலில் நடப்பவர்கள் சுமார் 40 சதவீதம் கூடினார்கள், மாலையில் கிட்டத்தட்ட இரு மடங்கு.

அந்த மாலைக் கணக்குதான் முக்கியம். அலுவலகம் மட்டுமே உள்ள டவுனுக்கு ஒரே ஒரு ஷிப்ட்தான். 2020இல் அந்த ஷிப்ட் நின்றதும் பல நகரங்களில் மையம் ஒரே நாளில் அணைந்துபோனதற்குக் காரணம் இதுதான். கனடாவின் கால்கரி 2014 எண்ணெய் விலைச் சரிவிலேயே இந்த அடியை வாங்கிவிட்டது. மைய அலுவலகப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காலியாகக் கிடந்த நிலையில், 2021இல் அலுவலகத்தை வீடாக மாற்றுகிறவர்களுக்கு நகரமே பணம் கொடுக்கத் தொடங்கியது.

குறைகளும் இருக்கின்றன. எல்லா அலுவலகக் கட்டடமும் வீடாகாது; நடுவில் இருக்கும் அறைக்கு ஜன்னலே இருக்காது, குழாய்கள் எல்லாம் ஒரே மூலையில் இருக்கும். வாடகை ஏறினால் பழைய சின்னக் கடைகள்தான் முதலில் வெளியேறும். குடிவந்தவர் ராத்திரி சத்தம் என்று புகார் கொடுத்து, எந்தக் கலகலப்புக்காக வந்தாரோ அதையே மூட வைத்த கதைகளும் உண்டு.

சரி, எதை எடுப்பது?

உங்கள் ஊர் டவுன் எந்த வகை என்பதைப் பொறுத்தது. நெரிசலாக இருக்கிறது, ஆனால் போனவர் உடனே திரும்ப நினைக்கிறார் என்றால் வண்டியைக் குறைக்கும் வழிகள்: கென்ட் மாதிரி குறுக்குவழியை அடைப்பது, பார்க்கிங் கட்டணத்தைச் சரிசெய்வது, ஒரு தெருவையாவது மூடுவது, நகரம் பெரிது என்றால் நுழைவுக் கட்டணம். காலியாகக் கிடக்கிறது என்றால் வீடுகள் முதலில், மற்றதெல்லாம் பிறகு. அந்த நிலையில் நடைவீதி போடுவது ஃப்ரெஸ்னோ போட்ட மாதிரிதான் முடியும். இரண்டு வகைக்கும் பொதுவாக, நாளைக்கே தொடங்கக்கூடியது நிழல், இருக்கை, கழிப்பறை, உடையாத நடைபாதை. இதற்குப் பெரிய திட்ட அறிக்கையெல்லாம் வேண்டாம், மீட்டர் வருமானமே பெரும்பாலும் கட்டிவரும்.

பல அடுக்கு வாகன நிறுத்தத்தைக் கடைசியில் வைப்பேன். கட்டிவிட்டால் இடிக்க முடியாது என்பதுதான் காரணம். மற்ற வழிகளில் பெரும்பாலானவற்றைப் பூந்தொட்டியும் தடுப்புக் கம்பியும் வைத்துத் தற்காலிகமாகச் செய்துபார்க்கலாம், சரிவராவிட்டால் எடுத்துவிடலாம். அப்படிச் செய்துபார்ப்பது என்று முடிவானால் காலக்கெடுவை முதல் நாளே அறிவித்துவிடுங்கள், ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. முதல் மாதம் எல்லோரும் வழி தெரியாமல் திட்டும் மாதம், அப்போது எடுக்கும் கருத்துக்கணிப்பு எதற்கும் உதவாது. கடைக்காரர்களின் விற்பனைக் கணக்கையும் தெருவில் நடப்பவர்களின் எண்ணிக்கையையும் தொடங்குவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் போனால் ஆறு மாதம் கழித்து, முன்னாடி நன்றாகத்தான் இருந்தது என்று யாராவது சொல்லும்போது மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது.